சொர்ணம் வழியாக

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று வந்து சேர்ந்தேன். ஒஹாயோ மாநிலம். ஊர்ப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை. பல்கலைக்கழகம் இருக்கிற ஊர், அது போதும். ஏப்ரல் மாதத்தில் பனி பெய்கிறது. சிவகாசியில் இந்நேரம் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும்.

விமான நிலையத்துக்கு முரளி வந்திருந்தான். ஒன்றரை வருஷத்துக்கு மேல் கண்ணால் பார்க்காத மகன். "பெட்டியக் குடுங்க" என்றான். கொடுத்தேன். அப்புறம் காரில் நெடுந்தூரம். அவன் ரோட்டைப் பார்த்தான், நானும் ரோட்டைப் பார்த்தேன். நல்ல ரோடு.

வீட்டுக்கு வந்ததும் சிவகாசிக்குப் போன் போட்டு, பயல் இளைத்துவிட்டான், ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று அவனிடம் கேட்கும்படி என் மனைவி சொர்ணத்திடம் சொன்னேன். அடுத்த அறையில் அவன் போன் அடித்தது. பேசினான். பிறகு என் போன் அடித்தது. நன்றாகச் சாப்பிடுகிறானாம், நான்தான் இளைத்துப் போயிருக்கிறேனாம், போர்த்திக்கொள்ளக் கம்பளி போதுமா என்று கேட்கிறானாம். போதும் என்று சொல்லச் சொன்னேன்.

வெளியாள் பார்த்தால் சிரிப்பான். நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். ஆனால் எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான். என் அப்பாவிடம் நான் பேசியதும் அம்மா வழியாகத்தான். அப்பனும் மகனும் நேருக்கு நேர் நின்று பேசினால் எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். சொர்ணம் நடுவில் இருப்பதால் எங்கள் வீட்டில் இன்றுவரை சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. அவளும் கூட வந்திருக்க வேண்டியவள். மகள் கோகிலா பிள்ளை பெற்று வீட்டோடு இருக்கிறாள், பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு எப்படி வர முடியும்.

வந்த காரியத்தை எழுதி வைக்கிறேன். செண்பகம் ஆப்செட் என் அப்பா போட்ட அச்சாபீஸ். நானும் தம்பி செல்வமணியும் நடத்துகிறோம். காலண்டர், டைரி. நான் எழுதுகிற இந்த டைரியே எங்கள் சரக்குதான். (தாள் இந்த வருஷம் மட்டம். மை பின்பக்கம் தெரிகிறது. தம்பி பேச்சைக் கேட்டு வாங்கியது.) எனக்கு அறுபது தாண்டிவிட்டது. என் இடத்தில் முரளி உட்காருவானா, இல்லையென்றால் தன் மகனை உட்கார வைக்கட்டுமா என்று தம்பி கேட்டுவிட்டான். கேட்டதில் தப்பில்லை. இந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்கிறேன் என்று விமானம் ஏறினேன். பயலுக்கு மே மாதம் படிப்பு முடிகிறது. கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

தைப் பொங்கலிலிருந்து சொர்ணத்தைக் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யோசிக்கிறானாம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

இந்தப் பேச்சை எடுக்க நல்ல நேரம் பார்த்தேன். டைரியில் ராகு காலம் 3 முதல் 4.30 என்று போட்டிருக்கிறது. அது இந்திய நேரமா, இந்த ஊர் நேரமா? வருஷா வருஷம் லட்சக்கணக்கில் அச்சடிக்கிறேன், இந்தச் சந்தேகம் ஒரு நாளும் வந்ததில்லை. எதற்கு வம்பு என்று ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றையும் இரண்டு ஊர் நேரத்திலும் ஒதுக்கிப் பார்த்தேன். மிச்சம் இருந்த நேரத்தில் முரளி வீட்டில் இல்லை.

ஏப்ரல் 8, புதன்

இன்று சொர்ணத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மழுப்பாமல் கேள், வருகிறானா இல்லையா. அவன் போன் அடித்தது. வெகுநேரம் பேசினான். நடுவில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. பிறகு எனக்குப் பதில் வந்தது. இன்னும் யோசிக்கிறானாம், அவசரப்படுத்த வேண்டாமாம்.

யோசிக்கிறேன் என்று சொல்ல இவ்வளவு நேரமா? சரி, தாயும் பிள்ளையும் ஊர்க்கதை பேசியிருப்பார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் போகிறவன் இருட்டித்தான் வருகிறான். எங்கே போகிறான் என்று விசாரிக்கச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் அடுத்த வாரம் கலை விழாவாம், அதில் நடிக்கிறானாம். இன்ஜினியரிங் படிக்க வந்தவன் எதற்கு நடிக்கிறான் என்றேன். அதுவும் ஒரு பாடம்தானாம், மார்க் உண்டாம்.

விழாவின் தலைப்பு, அமெரிக்கன் என்றால் யார். பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று மேடையில் நடித்துக் காட்ட வேண்டுமாம். அமெரிக்காக்காரனுக்கே அது தெரியாதா என்று கேட்டேன். தெரியாமல்தான் விழா வைக்கிறார்களாம். அதில் இவனுக்கு என்ன வேலை, இவன் விருதுநகர் மாவட்டம் ஆயிற்றே என்றேன். அதற்கு சொர்ணம், பிள்ளை அழுகிறது என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

வீட்டில் ஒற்றையாகக் கிடந்தால் புத்தி கெட்டுவிடும் என்று ஒத்திகை பார்க்கப் போனேன். பெரிய அரங்கம், ஆயிரம் பேர் கல்யாணம் நடத்தலாம். அங்கே ஹானா என்று ஒரு பெண், முரளியோடு படிக்கிறவள், விளக்குப் போடுகிற வேலையும் பார்க்கிறாள். மக்காச்சோளம் போடுகிற விவசாயி மகள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நான் பேங்க் மேனேஜரிடம் பேசுகிற இங்கிலீஷ் அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இவள் தினமும் அப்பாவுக்குப் போன் செய்து பேசுவாளாம். போன மாதம் ஒரு பயல் இவளைக் காதலித்து ஏமாற்றிவிட்டுப் போனதை அப்பனிடமே சொல்லி அழுதாளாம். அப்பனும் சேர்ந்து அழுதானாம். எனக்குக் காது கூசியது. அவளுக்கு அம்மா இல்லையோ என்று நினைத்தேன். இருக்கிறாளாம். அப்புறம் என்ன?

முரளி நடித்தது. ஒரு நாற்காலி. அதில் ஓர் ஆள் வந்து உட்காருகிறான். பேச்சே இல்லை. வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு செருமல். கேட் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, திரும்பிப் போய் மறுபடி ஆட்டிப் பார்க்கிறான். பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைக்கிறான். கண்ணாடிக்கு மேலே பார்க்கிறான். மகன் எதிரில் வந்தால் உடனே பேப்பர் விரிந்துவிடுகிறது.

அசல் என் தம்பி செல்வமணி. சித்தப்பனை எந்த வயசிலோ உட்கார்ந்து அப்படியே கவனித்திருக்கிறான். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று ஹானாவிடம் கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

துணி துவைத்தேன். மெஷின்தான், ஆனால் காசு போட வேண்டும். ஒரு சாக்ஸ் காணோம். தம்பி போன் செய்து என்னாச்சு என்றான். யோசிக்கிறான் என்றேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. சொர்ணம் சொல்லி முரளி பாயசம் வைத்தான். எனக்கு ஒரு டம்ளர் மேஜையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டான். பரவாயில்லை, ஏலம் போட்டிருந்தான்.

சாயங்காலம் விழாத் தொடக்கம். நான் வெள்ளைச் சட்டை, வேஷ்டி கட்டி, உள்ளே இரண்டு பேன்ட் போட்டுக்கொண்டு போனேன். குத்துவிளக்கு இல்லை. தலைமை தாங்குகிறவர் இல்லை, முன்னிலை வகிக்கிறவர் இல்லை. நாடகத்துறைப் பேராசிரியை மார்கரெட் என்கிற அம்மா கசங்கின சட்டையோடு மேடைக்கு வந்து, எல்லாரும் வந்ததில் சந்தோஷம், செல்போனை அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். தொடக்க விழா முடிந்துவிட்டதாம். நம் ஊரில் மைக் டெஸ்ட் செய்யவே இதைவிட நேரம் ஆகும்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு பெண் மேடையிலேயே ஆப்பிள் பணியாரம் மாதிரி ஒன்றைச் சுட்டாள். மாவு பிசைந்து, பழம் நறுக்கி, அடுப்பில் வைத்து எடுக்கிற வரைக்கும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் ஒரு துண்டு தரவில்லை. சீன வம்சத்துப் பையன் ஒருவன் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டே பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் சொன்னான். நன்றாக இஸ்திரி போடுகிறான். ஒரு கறுப்பினப் பையன் மேளம் அடித்துக்கொண்டு தாத்தாவின் கோயிலைப் பற்றிப் பாடினான், எனக்குக் கால் தானாக ஆடியது. ஹானா சோள மூட்டைமேல் ஏறி நின்று, எங்கள் பூட்டன் ஜெர்மனியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தான் என்றாள்.

ஆக எல்லாருக்கும் வேறு ஊர். ஒரே ஒரு பெண் எழுந்து, பூர்வகுடியாம், நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அரங்கத்தில் எல்லாரும் நெளிந்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. சுருக்கமாக முடித்தாள்.

நாளைக்கு முரளி.

ஏப்ரல் 15, புதன்

தலைவலி. எழுதவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

எழுதாமல் விட்டால் நெஞ்சில் கிடந்து குத்துகிறது. எழுதிவிடுகிறேன்.

நேற்று முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். முரளி வந்தான். நாற்காலி, செருமல், தாழ்ப்பாள், பேப்பர். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. அப்போது ஒலிபெருக்கியில் போன் மணி அடித்து ஒரு பெண் குரல் வந்தது.

"என்னங்க, அப்பா சாப்டாச்சான்னு கேக்குறான். என்ன சொல்ல?"

சொர்ணம். என் வீட்டுச் சொர்ணம். நான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்து "ஹலோ" என்றுவிட்டேன். பின்வரிசைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. மேலே திரையில் அவள் பேசுவது இங்கிலீஷில் ஓடிக்கொண்டிருந்தது. சிவகாசியில் உட்கார்ந்து பேசி, பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள். எல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது அவளுக்கு.

நாற்காலியில் இருந்தது செல்வமணி இல்லை.

கடைசியில் முரளி நாற்காலியைக் காலியாக விட்டு, சபையைப் பார்த்துச் சொன்னான். உங்கள் அப்பா உங்களிடம் சொல்லாமல் விட்டது எதுவோ, யாராவது வந்து இதில் உட்கார்ந்து அவராகவே மாறி அதைச் சொல்லுங்கள் என்று. இப்படிக் கூப்பிட்டால் நம் ஊரில் ஒருத்தன் எழுந்திருப்பானா? இங்கே வரிசையில் நிற்கிறார்கள். தாடி வைத்த மலை மாதிரி ஆள் ஒருவன் உட்கார்ந்து, "லாரி உனக்குத்தான்டா மகனே" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது, வழி இல்லை.

வெளியே வந்தால் பார்க்கிறவன் எல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறான். படம் எடுத்துக்கொள்கிறார்கள். மார்கரெட் அம்மா வந்து, உங்கள் மகன் அமெரிக்கனாகிவிட்டான் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டாள். அவன் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சுற்றி நின்றவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அவமானம். வேறு வார்த்தை கிடையாது. சிவகாசியில் கண்டால் நாலு பேர் எழுந்து நிற்கிற மனுஷன் நான். கடல் கடந்து வந்த என்னை வைத்து வேடிக்கை காட்டிவிட்டான்.

சொர்ணம் போன் செய்தாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தாள். எடுக்கவில்லை.

அதே நாள், மாலை

சொர்ணத்தோடு பேச்சு இல்லை என்றதும்தான் தெரிகிறது, இந்த வீட்டில் யாரோடும் பேச்சு இல்லை. காலையில் காப்பியில் சர்க்கரை போதவில்லை. யாரிடம் சொல்ல? ஒரு செருமல் போட்டேன். முரளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

மத்தியானம் ஹானா வந்தாள். முரளி அனுப்பியிருக்கிறான். நான் கோபமாக இருக்கிறேனா என்று அவன் கேட்கிறானாம். அவன் சமையலறையில்தான் நிற்கிறான், முதுகு தெரிகிறது. இல்லை என்று சொல் என்றேன். அவள் நேரே போய், "இல்லையாம், ஆனால் முகம் கோபமாகத்தான் இருக்கிறது" என்றாள். பிறகு என்னிடம் வந்து, "உங்களைக் கேலி செய்யவில்லையாம், ஆனால் கொஞ்சம் கேலியும் உண்டாம்" என்றாள்.

இந்தப் பெண்ணுக்கு ஒரு விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கவே தெரியவில்லை. சொன்னதைச் சொன்னபடி சொல்கிறாள். சொர்ணம் என்றால் பக்குவமாகச் சொல்லுவாள்.

சரி, வந்த காரியமாவது நடக்கட்டும் என்று, அச்சாபீஸுக்கு வருவானா மாட்டானா என்று கேட்டு வா என்றேன். அவள் அசையவில்லை. இதை நான் கேட்க மாட்டேன், இது நீங்கள் கேட்க வேண்டியது என்றாள். சோளக்காட்டுப் பெண், வயசு இருபத்திரண்டு இருக்கும், எனக்கு உத்தரவு போடுகிறாள். ஆனால் ஏனோ கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

ஏப்ரல் 17, வெள்ளி

வீட்டில் ஹீட்டர் சரியில்லை. அதனால் அரங்கத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முரளி நாடகம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது, அது தற்செயல்.

முதல் நாள் கோபத்தில் பின்பாதியைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. மகன் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போகிற காட்சி ஒன்று வருகிறது. பஸ் ஏற்றிவிட அம்மாதான் வருகிறாள், அப்பாவுக்கு வேலை இருக்கிறதாம். பஸ் கிளம்பி அடுத்த ஊரில் நிற்கிறது. ஜன்னல் வழியே மகன் பார்க்கிறான். டீக்கடை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள் டீ குடிக்கிறான். பஸ் நகரும் வரைக்கும் திரும்பவே இல்லை. டம்ளர் காலியாகி வெகுநேரம் ஆகிவிட்டது, ஆனாலும் குடித்துக்கொண்டே இருக்கிறான்.

யாரும் சிரிக்கவில்லை. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

இதை ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும். அன்றைக்குத் திருத்தங்கலில் எனக்கு மெய்யாகவே வேலை இருந்தது. பைண்டிங் ஆள் ஒருத்தனைப் பார்க்கப் போனேன். அவன் கடை பூட்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை என்பது மறந்துவிட்டது. சரி டீ குடிப்போம் என்று நின்றேன். அந்த பஸ் அங்கே வந்து நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பயல் பார்த்திருக்கிறான். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

நேற்று கடைசி நாள். அரங்கம் நிறைந்திருந்தது. கேட்டுவிடுவது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். எங்கே, எப்படி என்று தெரியாது. வீட்டில் வைத்துக் கேட்க முடியாது, அங்கே இரண்டு பேருக்கும் தனித்தனி அறை இருக்கிறது, ஆளுக்கொன்றில் புகுந்துகொள்வோம்.

நாடகம் முடிந்து நாற்காலி காலியானது. ஒரு கிழவர் போய் உட்கார்ந்து ஏதோ சொல்லிவிட்டு இறங்கினார். ஒரு பெண் போனாள். அப்புறம் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்திருந்தேன். ஏன் எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. சனம் என்னை அடையாளம் கண்டுகொண்டு தட்ட ஆரம்பித்துவிட்டது. வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி, நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முரளி எதிரில் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். வாயைத் திறந்தேன். செருமல்தான் வந்தது. அரங்கம் சிரித்தது. அப்போது என் கை, சத்தியமாக நான் சொல்லிச் செய்யவில்லை, தானாகச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். ஊரில் விடிகிற நேரம். நாற்காலி பக்கத்தில் மைக் இருந்ததால் அவள் பேசுவது அரங்கம் பூராவும் கேட்டது.

"இப்பத்தான் மனசு வந்துச்சாக்கும். எத்தன தடவ அடிச்சேன், எடுத்தீங்களா?"

"அது கெடக்கட்டும். அவன்கிட்ட கேளு. பிரஸ்ஸுக்கு வருவானா, மாட்டானா?"

"எங்க இருக்கீங்க நீங்க?"

"மேடையில."

"அவன்?"

"எதுத்தாப்லதான் நிக்கிறான்."

அந்தப் பக்கம் கரண்டி வைக்கிற சத்தம் கேட்டது.

"எதுத்தாப்ல நிக்கிறவன்கிட்ட நீங்களே கேளுங்க. எனக்கு அடுப்புல பால் இருக்கு."

வைத்துவிட்டாள்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. தமிழ் ஒரு எழுத்துத் தெரியாதவர்களுக்குக்கூட, போன் வைக்கப்பட்டுவிட்டது என்பது புரிந்துவிட்டது. சிரிப்பெல்லாம் ஓய்ந்து, எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தப்பிக்க வழியே இல்லை. போனைப் பைக்குள் போட்டேன்.

"வருவியாப்பா?" என்றேன்.

முரளி மெதுவாகக் கேட்டான்.

"அம்மா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"எனக்கு இங்கயே வேல கெடச்சிருச்சுப்பா. தை மாசமே சொன்னேன். நீங்க ரொம்ப சந்தோஷப்பட்டதாவும், சரின்னு சொல்லிட்டதாவும் அம்மா சொன்னாங்க."

"நீ யோசிக்கிறதாத்தான எங்கிட்ட சொன்னா."

இத்தனை வருஷமும் இவள் இந்தப் பக்கம் என்னென்ன சொன்னாள், அந்தப் பக்கம் என்னென்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாக மனசில் ஓடியது. இவன் பிளஸ் டூ மார்க்கைப் பார்த்து நான் 'இவ்வளவுதானா' என்று கேட்டேன். அது இவன் காதுக்கு என்னவாகப் போயிருக்கும்? எங்கள் வீட்டில் ஏன் சண்டையே வரவில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

அப்புறம் நான் எதற்கு இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்தாய் என்று கேட்டேன். ஊர் சுற்றிப் பார்க்க வந்ததாக அம்மா சொன்னார்கள் என்றான். இந்தப் பனியிலா என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு மறுபடி கேட்டேன். சொர்ணம் சொன்னதெல்லாம் இருக்கட்டும், இப்போது நான் கேட்கிறேன், வருவியா.

"இல்லப்பா. வரல."

வலித்தது. அச்சாபீஸில் அப்பா உட்கார்ந்த இடம், நான் உட்கார்ந்த இடம், அதற்கு மேல் என் வம்சத்தில் ஆள் இல்லை. கண் கலங்கிவிட்டது, ஆயிரம் பேர் பார்க்க. ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். தலை குனியவில்லை. நான் என் அப்பாவிடம் இப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்கு ஆசிரியர் வேலைக்குப் போக ஆசை இருந்தது. அது என் அம்மாவோடு நின்றுவிட்டது.

என்ன வேலை என்று கேட்டேன். சரக்குக் கிடங்குகளில் எதை எங்கே வைத்தால் எளிதாக எடுக்கலாம் என்று திட்டம் போடுகிற வேலையாம். நம் கோடவுனையும் கொஞ்சம் பாரேன், சித்திரையில் அடித்த காலண்டரைத் தேடினால் ஐப்பசியில்தான் கிடைக்கிறது என்றேன். போன தடவை ஊருக்கு வந்தபோதே பார்த்தானாம், கதவுப் பக்கம் வைக்க வேண்டியதையெல்லாம் மூலையில் வைத்திருக்கிறோமாம். அதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்றேன். சொன்னானாம். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, எந்தெந்த சரக்கு எந்தப் பக்கம் என்று விலாவாரியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சனம் இருப்பதே மறந்துவிட்டது. மார்கரெட் அம்மா மேடை ஓரத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைக் காட்டிய பிறகுதான் எழுந்தோம்.

எழுந்தால் அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. தாடிக்காரன் மறுபடியும் அழுதுகொண்டிருக்கிறான். இவர்களுக்கு என்ன புரிந்தது என்று ஹானாவைக் கேட்டேன். ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிவிட்டு அவளும் மூக்கைத் துடைத்தாள். கோடவுனைப் பற்றிப் பேசினோம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்று காலை எழுந்ததும் நேரம் காலம் பார்க்காமல் தம்பிக்குப் போன் செய்து, முரளி வரவில்லை, உன் மகனை உட்கார வை என்று சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளாமல் இருக்கப் படாதபாடு பட்டான். நல்லவன்தான் தம்பி.

நானும் முரளியும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உப்பு கூடிவிட்டது என்றேன். ஆமாம் என்றான். அப்போது சொர்ணம் போன்.

என்னதான் ஆச்சு, அவன் என்ன சொன்னான், நீங்கள் என்ன சொன்னீர்கள், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் படுத்துவிட்டீர்களே, கண்ணைக் கொட்டாமல் கிடந்தேன் என்று ஒரே மூச்சில் கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. பயந்திருக்கிறாள். வாங்கு வாங்கென்று வாங்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் திட்ட வரவில்லை. ஆனால் சும்மா விடவும் மனசில்லை.

"அதெல்லாம் எங்களுக்குள்ள" என்றேன்.

"எங்களுக்குள்ளன்னா யாருக்குள்ள?"

"எனக்கும் அவனுக்கும்."

பட்டென்று வைத்துவிட்டாள். உடனே முரளி போன் அடித்தது. எடுத்தான், கேட்டுக்கொண்டான், என்னை ஒரு பார்வை பார்த்தான். "அப்பாகிட்டயே கேட்டுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

மறுபடி என் போன் அடித்தது. எடுக்கட்டுமா என்று அவனிடம் கேட்டேன்.

"கொஞ்ச நேரம் அடிக்கட்டும்ப்பா" என்றான்.